நல்ல பழக்கம் படிய வைப்பது எப்படி: பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் முழுமையான வழிகாட்டி

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும்" என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் அதே பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக வரிசைக்கு ஓடும். சொல்லிக்கொடுத்தது மறந்துபோகவில்லை. குழாய் எட்டவில்லை, சோப்பு தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பூட்டியிருக்கிறது, பின்னால் நாற்பது பேர் நெருக்குகிறார்கள்.

வங்கதேசத்தில் இரண்டு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம் வரை பாதை போட்டு, அதன்மேல் பளிச்சென்ற வண்ணத்தில் பாதச் சுவடுகளை வரைந்தார்கள். குழாயடியில் கை அச்சுகளை வரைந்தார்கள். சுகாதார வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. கழிப்பறைக்குப் போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிய பிள்ளைகள் முதலில் 4 சதவீதம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 74 சதவீதம்.

அதனால் இந்த வழிகாட்டியில் அறிவுரைக்கு இடம் குறைவு. குழாய், பாட்டில், தாழ்ப்பாள், கடிகாரம் இவற்றைப் பற்றியே அதிகம் பேசப் போகிறோம்.

படி 1: பிள்ளையின் உயரத்தில் இருந்து பாருங்கள்

எந்தப் பழக்கத்தையும் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் பிள்ளையின் பின்னாலேயே நடந்து பாருங்கள். முட்டி போட்டு, அதன் கண் மட்டத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். வாஷ்பேசின் குழாய்த் திருகு கைக்கு எட்டுகிறதா? பிரஷ் வைத்திருக்கும் டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறதா? சோப்பு வழுக்கிக் கீழே விழுந்து மண் ஒட்டிக் கிடக்கிறதா? பள்ளியில் கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா, மக் இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா?

குறையாகத் தெரிவதை எல்லாம் எழுதிவையுங்கள். வீட்டில் பாதிக் குறைக்கு ஒரு முக்காலியே போதும். பள்ளியில் இருப்பவற்றை, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் வைக்கலாம். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. "சுகாதார வசதியை மேம்படுத்த வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் ஏட்டில் ஏறுமே தவிர வேலை நடக்காது. "பெண்கள் கழிப்பறை இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இந்த வாரம் போட வேண்டும்" என்று கேட்டால் நடக்கும்.

படி 2: ஒரு நேரத்தில் ஒரு பழக்கம்

ஜனவரி முதல் தேதி பத்துப் பழக்கங்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டும் வீடுகளில் பொங்கலுக்குள் அட்டை கிழிந்துவிடும். ஒன்றை மட்டும் எடுங்கள். அதை, பிள்ளை ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். "தினமும் இரவு பல் தேய்க்கணும்" என்றால் எப்போது என்பது பிள்ளைக்குப் பிடிபடாது. "சாப்பிட்ட தட்டைக் கழுவப் போட்டதும் நேராகப் பிரஷ்" என்றால் தட்டே ஞாபகப்படுத்திவிடும்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பலரும் சொல்வதை நம்பி, நாலாவது வாரம் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள். லண்டனில் பெரியவர்களை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 250 நாளுக்கு மேல். அதே ஆய்வில் நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் தெரிந்தது. எனவே ஒரு நாள் தவறியதற்காகத் திட்ட வேண்டாம். ஒரு பழக்கத்துக்கு இரண்டரை மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "கை கழுவினியா?" என்றால் "ம்" என்ற பதில் தயாராக இருக்கும், பொய் சொல்லவும் பழக்கிவிடுவோம். "கையைக் காட்டு கண்ணு, சோப்பு வாசனை வருதான்னு பாப்போம்" என்றால் அதுவே ஒரு விளையாட்டு. பரிசாகக் காசோ மிட்டாயோ வேண்டாம். அது நின்ற அன்றைக்குப் பழக்கமும் நிற்கும். காலண்டரில் தன் கையால் ஒரு கோடு போட விடுவது போதும்.

படி 3: கை கழுவுதல்

நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறு இது: சாப்பிடுவதற்கு முன் வலது கையை மட்டும் குழாயில் காட்டி உதறிவிடுகிறோம். பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளையும் அதையே செய்கிறது. அந்த இடது கைதான் பிறகு தட்டைப் பிடிக்கிறது, தண்ணீர் டம்ளரைத் தூக்குகிறது, அப்பளத்தை உடைத்துக் கொடுக்கிறது. கழிப்பறையில் பயன்பட்டதும் அதே கைதான். இரண்டு கையும் சேர்ந்து கழுவினால்தான் கழுவியதாகக் கணக்கு.

சோப்பு ஏன் வேண்டும் என்பதைக் கண்ணால் காட்டிவிடுங்கள். பிள்ளையின் உள்ளங்கையில் அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், ஒரு சிட்டிகை காபித்தூள். இரண்டு கையிலும் நன்றாகத் தடவச் சொல்லுங்கள். இப்போது வெறும் தண்ணீரில் கழுவட்டும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். நக ஓரத்திலும் கட்டைவிரல் அடியிலும் விரல் இடுக்கிலும் பழுப்புப் பொடி அப்படியே ஒட்டியிருக்கும். அடுத்து சோப்புப் போட்டு 20 நொடி தேய்க்கட்டும். எண்ணெய்ப் பசையோடு சேர்த்துப் பொடியும் கழன்று வரும். காபித்தூளுக்குப் பதிலாக மஞ்சள்தூளை எடுக்காதீர்கள். மஞ்சள் தோலில் ஏறிவிடும், சோப்புக்கும் போகாது, சோதனை கெட்டுவிடும்.

தேய்க்கும் வரிசை: உள்ளங்கையோடு உள்ளங்கை, புறங்கை இரண்டும், விரல்களைக் கோத்து இடுக்குகள், மடக்கிய விரல்களின் முதுகு, கட்டைவிரலைப் பிடித்துச் சுற்றி, கடைசியாக விரல் நுனிகளை உள்ளங்கையில் குழித்துத் தேய்ப்பது. பிள்ளைகள் விட்டுவிடுவது கட்டைவிரலும் நுனியும்தான். நாம் விரல் நுனியால் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். ஆகவே ஆறாவது தேய்ப்பை ஒருநாளும் விடக்கூடாது. 20 நொடிக்குக் கடிகாரம் வேண்டாம், ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணினால் சரி. தேய்க்கும் நேரத்தில் குழாயை மூடிவைக்கச் சொல்லுங்கள். கழுவிய ஈரக் கையை சீருடையில் துடைத்தால் சீருடை அழுக்கு திரும்பக் கைக்கு வரும். உதறிக் காயவிடலாம், அல்லது தினம் துவைத்த கர்ச்சீப் ஒன்று பையில் இருக்கட்டும்.

எப்போதெல்லாம்? சாப்பாட்டுக்கு முன், கழிப்பறைக்குப் பின், விளையாடிவிட்டு வந்ததும், மூக்குச் சிந்திய பின், நாய் பூனையைத் தொட்ட பின். தொடக்கத்தில் முதல் இரண்டை மட்டும் பிடியுங்கள்.

பள்ளியில் சோப்புக் கட்டி ஒரு வாரம் தாங்காது. கரைந்து கொழகொழவென்று ஆகும், காணாமல் போகும், காக்கா தூக்கிப்போகும். சோப்புத் தண்ணீர் மேல்: 1.5 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சோப்புத்தூள், அதாவது குவித்து எடுத்தால் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட. பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, மூடியில் சூடான ஊசியால் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள். ஒரு அழுத்துக்கு ஏறத்தாழ 3 மில்லி வந்தால் ஒரு பாட்டிலில் 500 தடவை கழுவலாம். ஓட்டை பெரிதானால் பிள்ளைகள் பீச்சி விளையாடி ஒரே நாளில் தீர்த்துவிடுவார்கள். அதைக் குடித்துவிடாமல் இருக்க, குடிநீர் பாட்டிலோடு குழம்பாத வண்ணத்தில் எடுத்து, மேலே பெரிதாகச் "சோப்பு" என்று எழுதி, குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள். நிரப்பும் பொறுப்பு நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு, வாரம் ஒரு ஜோடி. பொறுப்பாளி பெயர் கரும்பலகை ஓரத்தில் இருக்கட்டும். "எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் பாட்டில் காலியாகவே தொங்கும்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு 40 நொடி என்றால், ஒரே குழாயில் 40 பிள்ளைகள் கழுவி முடிக்க 27 நிமிடம் ஆகும். சோறு ஆறிவிடும், எந்த ஆசிரியரும் இரண்டாம் நாள் இதை வற்புறுத்த மாட்டார். பிலிப்பைன்ஸ் பள்ளிகள் இதற்கு எளிய வழி கண்டன. பத்தடி பிவிசி குழாய் ஒன்றைப் படுக்கையாகப் பொருத்தி, ஒரு முனையை அடைத்து, அடிக்கு ஒன்றாக இரண்டு மில்லிமீட்டர் அளவில் துளைகள் போட வேண்டும். மறுமுனையில் ஒரே திருகு. பத்துப் பேர் வரிசையாக நின்று ஒன்றாகக் கழுவுவார்கள். 40 பேர் ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் வையுங்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் துளை அடைக்கும். வாரம் ஒருமுறை கோணி ஊசியால் குத்திவிட்டால் போதும். ஆசிரியரும் அதே வரிசையில் நின்று கழுவினால் அந்த வகுப்புக்கு வேறு பாடமே தேவைப்படாது.

படி 4: தண்ணீர் குடிப்பதும் கழிப்பறை போவதும் ஒரே பழக்கம்

காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் பாதிக்கு மேல் திரும்பி வந்தால், "ஏன் தண்ணி குடிக்கல?" என்று கேட்காதீர்கள். "ஸ்கூல் பாத்ரூம் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், கழிப்பறை போக வேண்டி வருமே என்றுதான் தண்ணீரைத் தொடாமல் இருக்கிறார்கள். அடக்கி அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரும். மலத்தை அடக்கினால் இறுகி, போகும்போது வலித்து, அந்த வலிக்குப் பயந்து மறுபடி அடக்கும் சுழல் தொடங்கும்.

கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். 'வாட்டர் பெல்' என்ற அந்த வழக்கம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் மணி அடித்துக் குடிக்க வைத்துவிட்டு, "இப்பத்தானே இன்டர்வெல் விட்டேன், உக்காரு" என்று சொன்னால் பிள்ளை அடுத்த மணிக்குக் குடிப்பதுபோல் நடிக்கும். கேட்டால் அனுப்ப வேண்டும். சின்ன வகுப்புகளில் வாய்விட்டுக் கேட்கக் கூசுவார்கள். ஒரு விரலைத் தூக்கினால் போகலாம் என்று வைத்துக்கொண்டால் பாடமும் நிற்காது.

அளவு: எட்டு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி நேரத்தில் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை; வெயில் காலத்திலும் விளையாட்டு நாளிலும் கூட. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளாக இருந்தால் குறைவு. இதைப் பிள்ளையே பார்க்கக் கற்றுக்கொடுங்கள். 2020 பள்ளிப் பை கொள்கை, பை எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. 24 கிலோ பிள்ளைக்கு அது 2.4 கிலோ, முக்கால் லிட்டர் தண்ணீரே அதில் மூன்றில் ஒரு பங்கு. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் 500 மில்லி பாட்டிலைக் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் மறுபடி நிரப்பப் பழக்குங்கள்.

பாட்டில் வாங்கும்போது கை நுழையும் அகல வாய் பார்த்து வாங்குங்கள். உறிஞ்சு குழல் வைத்த மூடிகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கத்தி முனையால் நெம்பிப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று படிந்திருப்பது பூஞ்சை. வளையத்தைத் தனியே எடுத்துத் தினமும் சோப்பில் தேய்த்துக் காயவைக்க முடியாதென்றால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

வீட்டில் காலைக் கடனுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். சாப்பிட்ட அரை மணிக்குள் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் பத்து நிமிடம் உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் உடம்பு பழகிக்கொள்ளும். வேன் ஹாரன் அடிக்கும் நேரத்தில் இது நடக்காது, இருபது நிமிடம் முன்னதாக எழுப்ப வேண்டும். வெஸ்டர்ன் கழிப்பறையில் கால் தொங்கினால் முக்க முடியாது. காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் போடுங்கள்.

படி 5: பல்

இரவுத் தேய்ப்பை முதலில் பிடியுங்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறையும். பல்லில் ஒட்டிய மாவும் சர்க்கரையும் ராத்திரி முழுக்க அமிலமாக மாறிக்கொண்டிருக்கும். தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பூஸ்ட்டோ பாலோ குடிப்பதென்றால் அதற்கு முன்பே.

மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் நெடுக அலை அலையாகப் பிதுக்குவது வீண். சின்னப் பிள்ளை அதை விழுங்கவும் செய்யும். 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அல்லது சற்றுக் கூடுதல் ஃபுளோரைடு உள்ளதாகப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில், பல்லில் பழுப்புக் கறை தெரிந்தால் பல் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பேஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். ஏழெட்டு வயது வரை பிள்ளை தேய்த்த பிறகு நீங்கள் ஒரு சுற்றுத் தேய்த்துவிடுங்கள். பின்பக்கக் கடைவாய்க்கு அந்தச் சின்னக் கை இன்னும் போகாது. முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும். டம்ளர் டம்ளராகக் கொப்பளித்தால் பல்லில் இருக்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்.

ஆறு வயதில் வாயைத் திறக்கச் சொல்லி, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பல்லும் விழாமலே அங்கே புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைத்திருக்கும். அது நிரந்தரப் பல், வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டியது. "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிட்டு, எட்டு வயதில் சொத்தையோடு மருத்துவரிடம் போகும் குடும்பங்கள் நிறைய. அந்தப் பல்லின் மேற்பள்ளங்கள் ஆழமானவை, பிரஷ்ஷை அங்கே குறுக்காகப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

படி 6: சாப்பாடு

காலையில் வெறும் வயிற்றோடு போகும் பிள்ளை பத்தரை மணிக்குத் தலைவலி என்று மேசையில் படுக்கும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் இதற்காகத்தான் வந்தது. அது இல்லாத பள்ளியாக இருந்தால் இரண்டு இட்லி, ஒரு முட்டை, அல்லது சத்துமாவுக் கஞ்சி ஒரு டம்ளர் என்று எளிதாக முடிப்பதே நிலைக்கும்.

ஸ்நாக்ஸ் டப்பாவில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, வாழைப்பழம். இந்த நாலை மட்டும் மாற்றி மாற்றி வைத்தாலும் தாராளம். பிடிக்காத காயைப் பத்துப் பதினைந்து தடவை சிறிதளவு தட்டில் பார்த்த பிறகே பல பிள்ளைகள் தொடுவார்கள். மூன்றாம் தடவையே தோற்றுவிட்டதாக எண்ணாதீர்கள், வாயில் திணிக்கவும் வேண்டாம்.

சர்க்கரையைப் பற்றிச் சொல்லாமல் அளந்து காட்டுங்கள். பாட்டில் லேபிளில் 100 மில்லிக்கு 10 கிராம் என்றிருந்தால், 250 மில்லி பானத்தில் 25 கிராம். டீஸ்பூனுக்கு 5 கிராம் என்று ஒரு டம்ளரில் ஐந்து ஸ்பூன் கொட்டி மேசையில் வையுங்கள். மூன்றாம் வகுப்புக்கு இது நல்ல பெருக்கல் கணக்கும் ஆகும். சிபிஎஸ்இ 2025இல் தன் பள்ளிகளில் இப்படிச் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. மற்றப் பள்ளிகள் வைக்கவும் ஒரு சார்ட் பேப்பர் போதும். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்கள் விற்கக்கூடாது என்பது 2020 உணவுப் பாதுகாப்பு விதி. வாசலில் விற்கும் பாட்டியை விரட்டுவதைவிட, நெல்லிக்காயும் அவித்த கடலையும் விற்கச் சொல்லிப் பேசுவது இரு தரப்புக்கும் நல்லது.

படி 7: தூக்கமும் ஓட்டமும்

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பதுக்குள் கண்ணை மூடியிருக்க வேண்டும். பதினொன்றுக்குத் தூங்கும் பிள்ளையை ஒரே நாளில் ஒன்பதுக்குப் படுக்க வைத்தால் புரண்டு புரண்டு அழும். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடமாக முன்னே நகர்த்துங்கள். மூன்று நான்கு வாரத்தில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எழுப்பும் நேரத்தைத் தளர்த்தினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஃபோன் எட்டு மணிக்கு ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும், அப்பாவின் ஃபோனும் சேர்த்து.

தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் செய்தால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறையும். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகளில் பெற்றோர் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

படி 8: நகம், பேன், குடற்புழு

ஞாயிறு குளித்ததும் நகம் வெட்டுங்கள், ஈரத்தில் மெத்தென்றிருக்கும். இரவில் ஆசனவாய் அரிப்பென்று பிள்ளை சொறிந்தால் நூல்புழுவாக இருக்கலாம்; முட்டைகள் நகத்தடியில் ஏறி மறுபடி வாய்க்குப் போகும். வீட்டில் எல்லோரும் ஒன்றாக மருந்து எடுத்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இன்னொரு முறை எடுத்தால்தான் தீரும். பள்ளியில் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் குடற்புழு நீக்கத் தரும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையைக் கடித்து மென்று விழுங்கப் பழக்குங்கள். ஆசிரியர் கண்முன் மென்றால்தான் அது பாக்கெட்டில் ஒளியாது.

பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஏறும். ஈர் (பேன் முட்டை) பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், முதல் நாள் மருந்து போட்டுவிட்டு நிறுத்தினால் இரண்டாம் வாரம் மறுபடி வரும். அந்த இடைவெளியில் இன்னொரு முறை போட்டு, ஈரத் தலையில் பேன்சீப்பால் வாரம் இரண்டு தடவை வார வேண்டும். வகுப்பில் நகமோ தலையோ பார்க்கும்போது யாரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள். வெட்கப்பட்ட பிள்ளை மறுநாள் லீவு போடுமே தவிர நகம் வெட்டிக்கொண்டு வராது. பெற்றோருக்குத் தனியே ஒரு சீட்டு எழுதி நோட்டுக்குள் வைத்து அனுப்புங்கள்.

விடுமுறைக்குப் பின்

கோடை விடுமுறையில் தூக்கமும் பல் தேய்ப்பும் சிதறும், அது இயல்பு. திறப்பதற்குப் பத்து நாள் முன்பே வீட்டில் படுக்கும் நேரத்தை நகர்த்தத் தொடங்குங்கள். பள்ளியில் குழாய்த் துளைகளைக் குத்தி, தாழ்ப்பாள்களைச் சோதித்து, அழிந்துபோன பாதச் சுவடுகளுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். முதல் நாள் சாப்பாட்டு மணிக்கு முன்னால் சோப்புத் தண்ணீர் பாட்டில் நிரம்பித் தொங்க வேண்டும்.